மழை நாளில் கூலி இல்லை

என் வேலை தூசியை நனைப்பது.
பன்னிரண்டாயிரம் லிட்டர் தொட்டி, ஓட்டை போட்ட ஒரு குழாய்,
குழியிலிருந்து தார்ச்சாலை வரை
ஒன்றரைக் கிலோமீட்டர் சரளைப் பாதை.
ஜூனில் நாளுக்கு எட்டு நடை.
நான் திரும்பி வருவதற்குள்
போன நடையின் ஈரம் காய்ந்திருக்கும்.

சுவால்கிப் பக்கத்து மண் இப்படித்தான்.
பனியாறு இறக்கிவிட்டு மறந்துபோன கல்.
உருளைக்கிழங்குக்குத் தோண்டினாலும்
மண்வெட்டியிடம் முதலில் கல்தான் பேசும்.
தூரத்து நெடுஞ்சாலைக்கெல்லாம்
இங்கிருந்து போகிறது. பெருமை என்பார் முதலாளி.
வீடுகள் பதினொன்று.
குழி அவற்றை நோக்கி
வருஷத்துக்கு நாற்பது மீட்டர் நடந்து வருகிறது.

மூன்றாம் வீட்டுப் போகுமிவாவுக்கு
ரொட்டி ஆலையில் இரவு வேலை.
விடிந்து வந்து படுப்பாள்.
ஏழு மணிக்கு லோடர் பின்னால் நகரும்:
பீப், பீப், பீப்.
அவள் தூக்கம் முழுக்க
யாரோ ஊசி குத்திய ஓட்டைகள்.

ஒரு நாள் அலுவலகத்துக்கு
வெள்ளைத் தட்டு ஒன்றை ஏந்தி வந்தாள்,
நிறைந்த சூப்பைக் கொண்டுவருகிறவள் போல, சிந்தாமல்.
காலையில் கழுவித் துடைத்து ஜன்னலில் வைத்தது.
மாலைக்குள் படிந்ததில்
விரலால் தேதி எழுதியிருந்தாள்:
நாள், மாதம், வருஷம், முழுதாக.
மேலாளர் செஸ்வாவ் அளவுத் தாளை எடுத்தார்.
எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்றார்.
"இதுவும் வரம்புக்குள்தான்,"
தட்டின் விளிம்பைத் தொட்டுக் காட்டினாள்.

அப்போது எதுவும் நடக்கவில்லை.
இருபத்திரண்டு தட்டுகளுக்குப் பிறகு நடந்தது.
அவற்றில் ஒன்று எங்கள் வீட்டுத் தட்டு.
நீலப் பூ ஓரம் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

மேல்மண்ணை வாரிக் கரை எழுப்பினோம்,
இரண்டாள் உயரம், அதன்மேல் பிர்ச் கன்றுகள்.
தேய்ந்த கன்வேயர் பெல்ட்டை அறுத்து
அரவைத் தொட்டிக்குள் ஒட்டினோம்.
இரும்பில் விழுந்த கல் ரப்பரில் விழுகிறது,
கோபம் வந்தும் கத்தத் தெரியாதவன் மாதிரி.
லாரிகளுக்குத் தார்ப்பாய், இருபதுக்கு மேல் வேகமில்லை.
லோடருக்குப் புதுக் குரல்:
உஷ், உஷ், உஷ்,
பின்னால் நிற்கிறவனுக்கு மட்டும்.
ஐந்தாம் வீட்டுச் சிறுமி வூத்சியா
பின்னோக்கி நடக்கும்போதெல்லாம்
பீப் சொல்லிப் பழகியவள்.
அவள் ஒருத்திதான் இன்னும் மாறவில்லை.

ஆகஸ்டில் போகுமிவா மறுபடி வந்தாள்.
தட்டில்லாமல்.
செஸ்வாவ் பேனாவை மூடி வைத்தார்.
"கேட்கிறது," என்றாள்.
"என்ன கேட்கிறது?"
"இக்னாத்சி."
அவள் புருஷன். கல் சலிக்கும் மேடையில்
பத்தொன்பது வருஷம் நின்றவன்,
முகமூடி வருவதற்கு முந்தைய பத்தொன்பது.
"சுவருக்கு அந்தப் பக்கம் இருமுகிறார்.
எத்தனை நாளாக என்று கேட்டேன்.
எப்போதும் இப்படித்தானே என்கிறார்."

கரை கட்டலாம், ரப்பர் ஒட்டலாம்.
இதற்கு எதை ஒட்டுவது?
செஸ்வாவ் ஒரு மருத்துவரின் எண்ணை
எழுதிக் கொடுத்தார்.
கம்பெனித் தாள் மேசையில் இருந்தது.
சிகரெட் அட்டையைக் கிழித்து
அதன் பின்னால் எழுதினார்.
நான் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

இன்று மழை.
மழை நாளில் எனக்குக் கூலி இல்லை.
என் வேலையை என்னைவிட ஒழுங்காக
இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது அது.
கரையில் கன்றுகள் பாதி பட்டுப்போயின,
மீதி என் முழங்கால் வரை.
பதினொரு வீட்டிலும் ஜன்னல் திறந்திருக்கிறது,
ஏப்ரலுக்குப் பிறகு முதல் தடவையாக.

எங்களுடையது நான்காம் வீடு.
நடுவில் ஒரு வேலி, ஒரு ஆப்பிள் மரம்.
மழை சற்று ஓய்ந்தால் கேட்கும்.
ஓயாமல் பெய்யட்டும் என்று
கூலிக்காரன் நினைக்கக் கூடாது.
நினைக்கிறேன்.