பிடித்தம்

கப்பலிலிருந்து இறங்கியவை நான்கு மரப்பெட்டிகள்.
வெங்காய மூட்டை மாதிரிதான் மாட்டுவண்டியில் ஏற்றினோம்,
தஞ்சோங் பகாரிலிருந்து பந்தயத் திடல் வரை.
உள்ளே துணி, கம்பி, எலும்பாய் மெலிந்த மரச்சட்டம்.
கூடாரத்துக்குள் மூன்று நாள் தைத்தார்கள், முடுக்கினார்கள்.
எட்டிப் பார்த்த பக்கிரி சொன்னான்:
'கொடியில் காயும் வேட்டிக்கு எதற்கடா இத்தனை காவல்?'

கடிவாளம் கிடையாதாம் அதற்கு. தடைக்கட்டையும் இல்லை.
சுழற்றிவிட்டால் ஓடத்தான் தெரியும்.
அதனால் ஆள் வேண்டும், வால் பிடிக்க.
தலைக்கு அரை வெள்ளி.

எருமைக் கொட்டிலிலிருந்து நான், பக்கிரி, செவத்தான்;
குதிரை லாயத்திலிருந்து பவியான் தீவுக்காரன் சுராதி;
ரோச்சோர் கால்வாயோரம் பலகை அறுக்கும் ஆ கியாட், அவன் தம்பி.
பெரிய மனிதர்களுக்கு வால் பிடித்துப் பிழைப்பவர்களை
இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன்.
கூலி பேசி, பட்டப்பகலில் பிடித்தது நாங்கள்தான்.

பொறி உறுமியதும் வாசம் வந்தது.
முதலில் நம்பவில்லை.
விளக்கெண்ணெய்!
மூக்கைப் பொத்தி வாயில் ஊற்றுவார்களே, அதே சனியன்.
ஏழு கடல் தாண்டி வந்த விந்தை
ஆமணக்கைக் குடித்துத்தான் ஓடுகிறது.
மீசையில், சட்டையில், தூறலாய்த் தெளித்தது.
துரையோ நாள்தோறும் அந்தப் புகையை விழுங்குகிறவர்.
லாயத்துக்குப் பின்னால் அவர் அவசரமாக ஓடியதை
இரண்டு முறை பார்த்தேன்.

முதல் நாள் எழும்பவில்லை.
மார்ச் மாத வெயிலில் காற்று
நீர்த்த கஞ்சியாய்க் கிடந்தது.
பாதித் திடல்வரை தத்தித் தத்திப் போய்
வாத்து மாதிரி உட்கார்ந்தது.
சீட்டு வாங்கியவர்கள் முணுமுணுத்துக் கலைந்தார்கள்.
வேலிக்கு வெளியே தூங்குமூஞ்சி மரத்தில் தொற்றியிருந்தவர்கள்
காசு கொடுக்காததால் கோபிக்கவில்லை.

அன்றிரவு கூடாரத்தில் விளக்கு அணையவில்லை.
துரை தனியாக உட்கார்ந்து
ஒரு கம்பியைச் சுண்டுவார், காதைக் கொடுப்பார்,
முடுக்குவார், மறுபடி சுண்டுவார்,
வீணைக்குச் சுருதி சேர்க்கிறவர் போல.
அவர் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை.
இடது கையில் இரண்டு விரல் வளையாது.
ஏன் என்று சைகையில் கேட்டால்
கையை உயரத்தில் வைத்து
அப்படியே கீழே விழவிட்டுச் சிரிப்பார்.

மறுநாள் விடியலில் மழை பெய்து ஓய்ந்தது.
காற்றுக்குக் கனம் வந்திருந்தது.
பிடித்தோம்.
புலிவாலைப் பிடித்தவன் கதை தெரியும்.
விட்டால் அவனுக்கு ஆபத்து.
இங்கே, விடாவிட்டால் புலிக்கு.
குதிகால் சேற்றில் புதைந்தது. பல் கிடுகிடுத்தது.
துரையின் கை உயர்ந்தது,
விழுந்தது.
ஐந்து பேர் விட்டார்கள்.

என் விரல்களுக்கு மட்டும் சேதி போய்ச் சேரவில்லை.
பத்தடி ஓடினேனா, இருபதா?
பிறகும் கால் ஓடிக்கொண்டிருந்தது,
கீழே புல் இல்லை.
ஒரு மூச்சு. இல்லை, அரை மூச்சு.
விட்டேன்.

முழங்கை உரிந்து, மல்லாந்து கிடந்து பார்த்தபோது
அது மரங்களுக்கு மேலே இருந்தது.
அடிவயிறு முழுக்கத் தெரிந்தது:
நாங்கள் வண்டியில் ஏற்றிய அதே துணி, அதே சட்டம்.
கொட்டிலில் எருமைகள் கட்டறுத்துக் கால்வாயில் இறங்கின.
அன்று மாலை சிராங்கூன் சாலையில்
பாதி வீட்டுக்குப் பால் இல்லை.

தடுக்கி விழுந்தாய், அவ்வளவுதான் என்கிறான் சுராதி.
ஒரு முழம் மேலே போனாய் என்று
செவத்தான் சத்தியம் செய்கிறான்;
பயத்தில் கண்ணை மூடியிருந்தேன் என்றும் அவனே சொல்கிறான்.
பத்திரிகையில் துரையின் பெயர், சீமாட்டிகளின் தொப்பிகள்.
எங்களுக்கு இரண்டு சொல்: 'கூலிகள் சிலர்.'

சனிக்கிழமை கிராணி காசை எண்ணி வைத்தார்.
எனக்கு மட்டும் நாற்பது.
ஏன் என்றேன். பேரேட்டில் விரல் வைத்துப் படித்தார்:
'அங்கமுத்து. தாமதமாக விட்டது.
பிடித்தம், பத்துக் காசு.'

சண்டை போடவில்லை.
அந்த வரியை
இன்னொரு முறை படிக்கச் சொன்னேன்.