பெரட்டு கலைதல்

தலவாக்கலையில் இரவு பதினொன்று.
வெளியே பன்னிரண்டு பாகை,
கலோரிமானிக்குள் இருபத்தைந்து.
ஊசி ஒரு துளி புரதத்தை
டிஎன்ஏ கரைசலுக்குள் விடுகிறது.
திரையில் கோடு
இறங்கும் என்றிருந்தேன்.
ஏறுகிறது.

"ஊசி அழுக்கு" என்றாள் ருவந்திகா.
கழுவினேன். ஏறியது.
உப்பின் அளவை மாற்றினேன்.
பிறகும் ஏறியது.

பிடிக்கும்போது இது சூடு தருவதில்லை,
சுற்றியிருப்பதிலிருந்து எடுத்துக்கொள்கிறது.
நட்டத்தில் நடக்கிற பிடி
எப்படி நிலைக்கும்?

புரதம் வரும்வரை
இழையின் ஒடுங்கிய பள்ளத்தில்
நீர்
வரிசை பிசகாமல் நிற்கிறது,
ஆறரை மணிப் பெரட்டில் நிற்பதுபோல.
அசைந்தால் பேர் போய்விடும்.
புரதமோ பிழையான எழுத்துகளில் கொஞ்சம் ஒட்டி,
வழுக்கி,
மறுபடி ஒட்டி,
தன் எட்டு எழுத்தைக் கண்டதும்
இழையை வளைத்து உள்ளே இறங்குகிறது.

நீர் கலைகிறது.
எந்தப் பக்கமும் போகலாம் இனி.

எந்திரப்பி என்று
உயர்தரத்தில் மனப்பாடம் செய்த சொல்
இதுதானா?
பிடி நிற்பது
பிடித்தவர்களின் நெருக்கத்தால் மட்டுமல்ல,
கலைந்து போனவர்களாலும்தான்.
அவர்களுக்கு வரைபடத்தில் கோடு இல்லை,
கழித்துப் பார்த்தால்தான் தெரிவார்கள்.

அம்மாவின் பெயர்
செக்ரோலில் இருபத்தாறு வருடம் இருந்தது.
அதை இங்கே எழுத இடமில்லை.

குறிப்பேட்டில் "பிழை" என்றிருந்ததை வெட்டினேன்.
ருவந்திகா பிளேன்டீயோடு வந்து
திரையை நெடுநேரம் பார்த்தாள்.
"பத்துப் பாகையில் ஓட்டிப் பார்ப்போமா?
குளிரில் இன்னும் கூட எடுக்கும்."

கரண்ட் போகாவிட்டால்
விடியுமுன் தெரிந்துவிடும்.