பிசுக்கு

இரண்டு பக்கத்துக்குள் என்னை மடிக்கச் சொன்னார்கள்.
மடித்தேன்.
பதினொன்றாம் ஆண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்
ஒரு வெள்ளை விழுந்தது.
எழுத்துகளைக் கொஞ்சம் தளர்த்தி
அதை மூடினேன்.
கற்ற வடிவமைப்பு இதற்காவது உதவவேண்டும்.

தொலைபேசியில் ஏஷ்பாஹர் அம்மையார்
தில்லையம்பலம் என்று ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார்.
முதல்நாள் இரவு அவர் பெயரை
நான் குளியலறையில் சொல்லிப் பார்த்ததுபோல
அவரும் எங்கோ சொல்லிப் பார்த்திருக்கவேண்டும்.
பிறகு கேட்டார்: அந்த இரண்டு வருடங்கள்?
குடும்ப அலுவல், என்றேன்.
யேர்மன் மொழியில் அந்தச் சொல்
கதவைச் சத்தமில்லாமல் சாத்தும்.

அடுத்ததில் செய்த வேலைகளைத் திறந்து காட்டினேன்.
மருந்துக்கடைச் செயலி, பால்கட்டி உறை,
யாரும் கட்டாத ஒரு நூலகத்துக்கு வழிகாட்டிப் பலகைகள்.
சிவப்புக் கண்ணாடி போட்டவர்
எல்லாவற்றுக்கும் 'ஸ்பானென்ட்' என்றார்.
சுவிசில் அதற்குப்
பிடித்திருக்கிறது என்றும் பொருள்,
போய்வா என்றும் பொருள்.

மூன்றாவது, வீட்டுவேலை:
நிலையத்து ரிக்கெற் மெசினின் திரையைத் திருத்து.
கூலி இல்லை. ஆறு மணித்தியாலத்துக்கு மேல்
எடுக்கவேண்டாம் என்று அன்பாய் எழுதியிருந்தார்கள்.
இருபத்தெட்டு எடுத்தேன். ஆறு என்று எழுதினேன்.

வின்டர்தூர் நிலையம், மூன்றாம் மேடை.
காகிதக் கோப்பையோடு இரண்டு மாலை நின்றேன்.
சைக்கிளோடு வந்த பெடியன்
சைக்கிளுக்கு ரிக்கெற் தேடித் தேடி
ரயிலை விட்டான்.
கையுறை கழற்றாமல் ஒருத்தி
கண்ணாடியைக் குத்திக்கொண்டே நின்றாள்.
குறித்துக்கொண்டேன்.
எனக்குத் தெரியாததா?

நான்காவது. நீள மேசை, ஐந்து பேர்.
வெளியே ஒரு கிரேன்
எதையும் தூக்காமலே திரும்பிக்கொண்டிருந்தது.
பதினான்கு பொத்தானில் எட்டை எடுத்துவிட்டிருந்தேன்.
எந்த ஆதாரத்தில், என்றார் தரவுப் பகுதி இளைஞர்.
எத்தனை பேரைச் சோதித்தீர்கள்?

அறுநூறு இரவுகள், என்று வாய் சொல்லிவிட்டது.

பிறகு நிறுத்த முடியவில்லை.
கடைசி ரயில் போனபின்
நீலத்துணியும் தெளிப்பானுமாய்
பதினேழு மெசின் துடைத்தேன்.
விளக்கைச் சரித்துப் பிடித்தால்
அன்றைய பகல் முழுக்கக் கண்ணாடியில்
பிசுக்காய் இருக்கும்.
'திரும்பு' பொத்தானில் தடித்த எண்ணெய்.
'குழுப் பயண'த்தில் வெறும் தூசி.
பொத்தானே இல்லாத இடது மூலையில்
நூறு விரல்கள் எதையோ தேடியிருக்கும்.
அங்கேதான் உதவியை வைத்திருக்கிறேன், பாருங்கள்.

வடிவாய்த் துடை பிள்ளை,
ஒரு விரலும் மிஞ்சக்கூடாது என்பார்
மேற்பார்வை பார்த்த குகபாலன்.
துடைக்குமுன் வடிவாய்ப் பார்த்ததை
அவருக்கு நான் சொன்னதில்லை.

சிவப்புக் கண்ணாடி இம்முறை ஒன்றும் சொல்லவில்லை.
ஏஷ்பாஹர் என் இரண்டு பக்கங்களை எடுத்து
வெள்ளை இருந்த இடத்தில்
பென்சிலால் எதையோ எழுதினார்.
தலைகீழாய் வாசிக்கத் தெரியும் எனக்கு.
அவர் கையெழுத்துத்தான் மோசம்.

பதினொரு நாள்.
சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று ஒரு மின்னஞ்சல்.
எழுதி, ஆயிரம் குறைத்து,
வெட்கப்பட்டு மறுபடி கூட்டி அனுப்பினேன்.
பிறகு இன்னொன்று:
வியாழக்கிழமை எல்லோரோடும் ஒரு கோப்பி குடிக்க வாருங்கள்,
இது சோதனை இல்லை.

அதுவும் ஒரு சுற்றுத்தான்.

வியாழன். ரயிலுக்கு நான்கு நிமிடம்.
மெசினில் ரிக்கெற் எடுக்கும்போது
ஒருதரம் தவறித் 'திரும்பு'வை அழுத்தினேன்.
சாய்ந்த வெயிலில்
மற்றவர்களுடையதன்மேல் என்னுடையதும் தெரிந்தது.
சட்டைக்கை நுனி வரை கை போனது.
துடைக்காமல் ஏறிவிட்டேன்.