தண்ணி இருந்த இடம்

வெள்ளிக்கிழமை தங்கச்சிக்குக் கலியாணம்.
புதன் பின்னேரம்
கொண்டுவந்து நிறுத்தினார் மர்சூக்,
கறுப்பு அலியன் கார்.
பொனட் முழுக்க
காசளவு, மிளகளவு
வெள்ளை வட்டங்கள்,
தேமல் விழுந்த முதுகு மாதிரி.

"எங்க கழுவினீங்க இதை?" என்றேன்.
கேட்டிருக்கக் கூடாது.
"இங்கதான். ஞாயிறு ஞாயிறு.
ஒங்கட பொடியன்தான் கழுவின."

ஆரையம்பதி மெயின் ரோட்டில்
ஒரு தகரக் கூரை, ஒரு கொம்பிரஷர்,
ஒரு குழாய்க்கிணறு.
அவ்வளவுதான் என் சேர்விஸ் ஸ்டேஷன்.
வாவிக்கும் கடலுக்கும் நடுவில்
குழாய் இறக்கினால் என்ன வரும்?
சவர்தான் வரும்,
சவருக்குள் சுண்ணாம்பும் வரும்.
கச்சான் காற்று எழும்பினால்
துணி போய்ச் சேருமுன்
துளியைக் குடித்துவிடும்.
எலும்பை மட்டும்
அதே இடத்தில் துப்பிவிட்டுப் போகும்.

ஊத்தையென்றால் உரஞ்சலாம்.
இது ஊத்தையில்லை.
தண்ணி இருந்த இடம்.

முதலில் ஷாம்பு. அசையவில்லை.
நானும் ஜதுர்ஷனும்
காரை நிழலுக்குத் தள்ளினோம்.
காய்ச்சல் பார்க்கிறதுபோல
பொனட்டில் புறங்கை வைத்தேன்.
ஆறட்டும்.
வினாகிரி ஒரு பங்கு, தண்ணி ஒரு பங்கு.
தண்ணியென்றதும் கிணற்றுப் பைப்பைத்
திறக்கப் போனான் ஜதுர்ஷன்.
கையைத் தட்டிவிட்டேன்.

எதிர்க்கடையில் குடிதண்ணி,
நீலப் போத்தல், பெரியது, இரண்டு.
என் கணக்கில் எழுதச் சொன்னேன்.

துணியை நனைத்து விரித்தேன்.
அறுபது எண்ண வேணும்,
எழுபது எண்ணக் கூடாது.
எண்ணும்போது ஞாபகம் வந்தது:
பெரியாஸ்பத்திரி ஸ்கானில்
என் இடது விலாவுக்குக் கீழே
ஆறு மில்லிமீற்றர் கல்.
"தண்ணி நிறையக் குடியுங்கோ"
என்றார் டொக்டர்.
எந்தத் தண்ணி என்று சொல்லவில்லை.
அறுபத்தி மூன்று. எடுத்துவிட்டேன்.

மிளகுகள் போயிருந்தன.
காசுகள் மங்கிக் கிடந்தன.
ஊறுகாய்ப் போத்தல் திறந்த மணம்.
டயர் மேலே குந்தியிருந்து மர்சூக்
பந்தல்காரனோடு
போனில் சண்டை பிடித்தார்.

கைக்குப் பொலித்தீன் பை போட்டுத் தடவினால்
கண்ணுக்குப் படாதது விரலுக்குப் படும்.
சோற்றில் கல் கடிபடுகிற மாதிரி
நற நறவென்றது.
களிமண் கட்டியை இழுத்தேன்,
மடித்தேன், மறுகாவும் இழுத்தேன்.
பிறகு பொலிஷ்.
இஷாத் தொழுகைக்குப் போய்
அவர் திரும்பி வரும்போது
டோர்ச்சைச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன்.
ஏழு வட்டம் மிச்சம்.

அதுகள் மேலே இல்லை.
வெயில் சுட்டுச் சுட்டு
மினுக்கத்துக்குள்ளே இறங்கிவிட்டன.
இன்னும் உரஞ்சினால் வெள்ளிக்கு மினுங்கும்.
மாரி முடிய நிறம் உரியும்.
அதையும் சொன்னேன்.
அதற்கு முன்னால் சொல்ல வேண்டியதையும் சொன்னேன்:
"எங்கட கிணறு செய்த வேலை இது.
காசு வேணாம்."

மர்சூக் பொனட்டைக் குனிந்து பார்த்தார்.
முகம் தெரிந்ததாக்கும்,
தாடியைத் தடவிக்கொண்டார்.
"காத்தான்குடில எங்கட ஊட்டுக் கிணறும்
இதே தண்ணிதான், தங்கச்சி.
ஏழுக்கும் மேல பூவ வெப்பம்" என்றார்.
சவர்க்கார டின்னுக்குக் கீழே
எதையோ மடித்து வைத்தார்.
நான் பார்க்காதது மாதிரி நின்றேன்.

கடைசி அலசல் போத்தல் தண்ணியால்.
ஜதுர்ஷன் துணியோடு ஓடி வந்தான்.
"துடைக்காதே, பாப்பம்" என்றேன்.
காற்று வந்தது.
துளிகள் சுருங்கின, சுருங்கின,
இல்லாமற் போயின.
ஒரு தடமும் இல்லை.

கார் போன பிறகு
போத்தலின் அடியில் கொஞ்சம் கிடந்தது.
கோப்பையில் ஊற்றிக் குடித்தேன்.
ஒரு ருசியும் இல்லை.