உள்ளது உள்ளபடி

நகரசபை ஒட்டிவிட்டுப் போன கடதாசியை
விடியமுன் மான் வந்து தின்றிருந்தது.
கேற்றில் மிஞ்சியது கொஞ்சம் பசையும்
‘அகற்றப்படல் வேண்டும்’ என்ற கடைசி வரியும்.
எதை, எத்தனை நாளுக்குள் என்பதெல்லாம்
மானின் வயிற்றில்.

எதை என்று எனக்குத் தெரியும்.
மாடியை.
பதினொரு போயா நாளில் எழும்பிய மாடி.
போயாவென்றால் கந்தோர் பூட்டு,
டைக் வீதிக்கு அளவு நாடாவோடு ஒருவரும் வரார்.
தவயோகம் மா ஆலையில் இரவு வேலை முடித்து
வந்த கையோடு சாரத்தை மடித்துக் கட்டிச்
சீமெந்து குழைப்பார்.
வரைபடம் என்று ஒன்று இருந்ததுதான்:
மகளின் கணக்குக் கொப்பியின் பின்மட்டையில்,
பென்சிலால்.

வங்கிக்காரப் பெடியன் அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை.
‘இணக்கச் சான்றிதழ் இல்லாத வீட்டுக்கு
வாங்கிறவைக்குக் கடன் குடுக்க ஏலாது, அன்ரி.
காசாய்த் தாற ஆளைப் பாருங்கோ.’

காசாய்த் தருகிற ஆள் வந்தார்.
பெயர் பேரின்பம். சிரிக்கவில்லை.
உப்புவெளியில் மூன்று விடுதி,
சட்டைப் பையில் ஒரு டோர்ச், ஒரு சின்னச் சுத்தியல்.

நான் ஒன்றையும் மறைக்கவில்லை.
குளியலறை இரண்டடி வீதிக்கோட்டுக்குள்.
கிணற்றுக்கும் மலக்குழிக்கும் நடுவில்
இருக்கவேண்டிய தூரத்தில் பாதிதான் இருக்கிறது.
மேலறை வயர் முழுவதும்
கீழறைப் பிளக் ஒன்றில் தொங்குகிறது.
கோவிலில் நேர்த்திக்கடன் ஒப்புவிப்பவள் மாதிரி
சொல்லிக்கொண்டே போனேன்.
அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி
கைபேசியில் ஒரு தொகையைக் கழித்தார்.

படிக்கு வந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது.
எல்லாப் படியும் ஒன்பது அங்குலம், நாலாவது பத்தரை.
பிழைதான்.
ஆனால் இருபது வருஷத்தில்
இந்த வீட்டார் ஒருவரும் அதில் தடக்குப்படவில்லை.
இருட்டிலும் கால் தானாக உயரும்.
விருந்தாளிகள்தான் விழுந்தார்கள்.
இதைச் சொல்லி முடிக்கமுதல்
பேரின்பமும் விழப்பார்த்தார்.
அதற்கு எவ்வளவு கழித்தாரென்று தெரியாது.

பிறகு நடுத்தூண்.
சுத்தியலால் தட்டினார். காதை வைத்தார்.
திரும்பத் தட்டினார்.
நாலு கம்பி போதும் என்ற இடத்தில்
எட்டுக் கம்பி இறக்கிய தூண் அது.
தன் கணக்கில் நம்பிக்கையில்லாத மனுசன்
இரும்பை நம்பினார்.
‘நல்ல தூண்’ என்றேன்.
‘நல்ல தூண்தான். உடைக்க ரெண்டு நாள் எடுக்கும்’
என்றார் பேரின்பம்.
அதற்குத்தான் எல்லாவற்றிலும் கூடக் கழித்தார்.

நூற்றிப் பத்து லட்சத்தில் தொடங்கியது
தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றது.

நொத்தாரிசு அம்மா உறுதியை வாசித்தார்,
மூக்கால், வேகமாக:
காணி பதினொரு பேர்ச்,
அதிலுள்ள ஒற்றைத்தட்டு வீடு,
கிணறு, வான்பயிர், தேட்டங்கள்,
உள்ளது உள்ளபடி.
மாடியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.
எழுத்தில் ஒருநாளும் இருந்திராத மாடியை
எழுத்தில் நான் விற்கவும் இல்லை.
கையெழுத்து வைக்கும்போது
இது ஏனோ எனக்குப் பெரிய ஆறுதலாய் இருந்தது.
படியிறங்கி வீதிக்கு வர ஆறுதல் போய்விட்டது.

தையல் மெஷினுக்கு மேல் வைத்துக்
காசை எண்ணினேன்.
நடுவில் பிழைத்தது. முதலிலிருந்து எண்ணினேன்.
அவர் அவசரப்படுத்தவில்லை; அதைச் சொல்லவேண்டும்.
முன்வாசல் திறப்பு, குசினித் திறப்பு,
கேற்றின் துருப்பிடித்த ஆமைப்பூட்டுத் திறப்பு.

‘மாடித் திறப்பு?’

மாடிக்குக் கதவே போடவில்லை.
அடுத்த போயாவுக்கு என்றார்,
அதற்குப் பிறகு இருநூறு போயாவாவது வந்திருக்கும்.
ஒரு துணிதான் தொங்கியது, நீலத்தில் வெள்ளைப் புள்ளி.
ஏறிப்போய், நாலாவதில் காலை உயர்த்தி,
அதைக் கழற்றிக்கொண்டு வந்து
காசைச் சுற்றிக் கட்டினேன்.