முறைப்பாடு இலக்கம் பதினேழு

முறைப்பாட்டில் இரண்டே வரி:
மாங்குளம் சந்தியில், முல்லைத்தீவு பஸ் திரும்புகிற மூலையில்
ஒரு பொம்பிளை துளசியைக் கோழியோடு வதக்கி விற்கிறாள்.
கையொப்பம் இல்லை.

மாலை ஆறரைக்குப் போய் இறங்கினேன்.
கையுறை, தொப்பி, மூடியுள்ள குப்பை வாளி,
வெட்டுப்பலகை இரண்டு: இறைச்சிக்கு ஒன்று, மரக்கறிக்கு ஒன்று.
ஒரு சுகாதாரப் பரிசோதகனுக்கு
எரிச்சல் வருமளவு ஒழுங்கு.

"பெயர்?"
"சுகிர்தமலர்."
"சாப்பாட்டின் பெயர்?"
"பட் கப்ராவ்."
படிவத்தில் அந்தப் பெட்டி
புட்டு, ரோல்ஸ், கொத்து என்ற நீளத்துக்கே கீறப்பட்டது.
எழுத்துக்கூட்டிக் கேட்டேன்.
அவள் தாச்சியைச் சூடாக்கினாள்.

உள்ளியும் கொச்சிக்காயும் உரலில் நசிந்து
எண்ணெய்க்குள் விழுந்ததும்
நின்ற முழுப்பேரும் இருமினோம்:
நான், டிப்பர்க்காரர் ஒருவர், ரியூசன் விட்டு வந்த பெடியள்,
வீதிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த நாய்.
"இருமினாத்தான் பதம். அங்கை அப்பிடித்தான்."

அங்கை என்றால் பாங்கொக்.
ஒரு கடிதத்துக்காக ஆறு வருசம்.
கடிதம் வந்தது, மறுக்கப்பட்டது என்று.
அதற்குள் ஒரு நடைபாதைக்காரியிடம்
கோப்பை கழுவி, வெங்காயம் உரித்து, கடைசியில் தாச்சி பிடித்து.
இதைக் கதையாகச் சொல்லவில்லை.
'முன் அனுபவம்' என்ற பெட்டிக்குச் சொன்னாள்.

கொத்திய கோழி. கிள்ளு சீனி.
மீன் சோஸ் கொழும்பிலிருந்து வரும்;
வராத கிழமை
நெத்தலிக் கருவாடு அவித்து வடித்த தண்ணீர்.
வடியையும் தூக்கிப் பார்த்தேன். சுத்தம்.
அடுப்பை அணைத்தபின் ஒரு பிடி துளசி.
மணம் கோயிலில் தொடங்கி
குசினியில் முடிந்தது.
சோற்றின் மேல் ஓரம் பொரிந்த முட்டை.
அதற்கு அந்த ஊரில் நட்சத்திர முட்டை என்று பேராம்.

சட்டத்தை மனதுக்குள் புரட்டினேன்.
எலி உண்டு. ஈ உண்டு. காலாவதி, கலப்படம், வெறுங்கை உண்டு.
துளசி யாருக்குரியது என்று
எந்தப் பிரிவிலும் இல்லை.
ஆனாலும் கேட்டேன்.
"பெருமாளுக்குப் போடுறதெல்லோ?"
"வேலியிலை நிக்கிறது, சேர்.
அவர் தனக்குத் தேவையானதை எடுத்தாப் பிறகுதான்
நான் பிடுங்குறன்."

பரிசோதனைக்கு என்று ஒரு தட்டு வாங்கினேன்.
மாதிரி மிஞ்சவில்லை.

பிறகு பப்பாசிக்காயைச் சீவி உரலில் போட்டாள்.
முறிகண்டிக் கச்சான், பனங்கட்டி, தேசிப்புளி,
முல்லைத்தீவுக் கூனி இறால்.
இடிக்கவில்லை, தட்டித் தட்டிப் புரட்டினாள்,
பிடிவாதக்காரரை இணங்க வைப்பதுபோல.
"எத்தினை கொச்சிக்காய்?"
டிப்பர்க்காரர் ஐந்து என்றார்.
மூன்றாவது வாயில் ஐந்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முயன்றார்.
தட்டியில் ஒரு வரி எழுதியிருந்தது:
கர்ப்பிணிகளுக்கு இது இல்லை.
"விஞ்ஞானம் எனக்குத் தெரியாது, சேர்.
மாமிமார் சண்டைக்கு வருவினம்."

மாம்பழச் சோறு?
"கறுத்தக்கொழும்பான் வந்தாப் பிறகு.
அந்த ஒட்டுற அரிசி இங்கை இல்லை.
எங்கடை பச்சையரிசியில தேங்காய்ப்பால் விட்டு அவிச்சுப் பாத்தன்,
பொங்கலாப் போட்டுது.
ரெண்டு பேர் கும்பிட்டிட்டுச் சாப்பிட்டவை."

யாழ்ப்பாண பஸ் வந்து நின்றது.
இறங்கியவர்களுக்கு அவள் ஏதோ சொன்னாள், வேற்று மொழியில்;
விழித்தார்கள்.
"சோறு தின்டாச்சோ எண்டு கேக்கிறது.
வாய் பழகிட்டுது."
சிரித்தபடி என் படிவத்தின் மேலேயே
யாருக்கோ ஒரு தட்டை வைத்தாள்.
எண்ணெயில் ஒரு வட்டம்.
அலுவலகத்தில் அதற்கு விளக்கம் கேட்பார்கள்.

முடிவை எழுதினேன்:
துளசி, குற்றமில்லை.
குழாய்க்கிணற்று நீர், குளோரின் போதாது.
மறுபரிசோதனை ஏழு நாளில்.
ஏழை வெட்டி, மூன்று என்று போட்டேன்.
எட்டிப் பார்த்தவளின் முகம் சுருங்கியது.
"தண்ணி அவ்வளவு மோசமோ, சேர்?"
"பாக்கவேணும்," என்றேன்,
உதட்டின் எரிவு அடங்காமல்.