எண்ணிக்கை: ஒன்று

மணற்காட்டில் காலை ஏழு மணிக்கே
மணல் செருப்புக்குள் ஏறிவிடுகிறது.
என் கையில் ஒரு படிவம்.
இனம். எண்ணிக்கை. ஓராண்டின் பின் உயிரோடு உள்ளவை.
காசு தருபவர்களுக்குப் பத்தாயிரம் கன்று வேண்டும்,
பங்குனிக்குள், படத்தோடு.

பங்குனியில் இங்கே நட்டால்
படம் மட்டும்தான் பிழைக்கும்.

சவுக்கு என்றுதான் முதலில் எழுதினேன்.
எழுதவும் சுலபம், வளரவும் சுலபம்.
எமில்டா எழும்பிச் சொன்னா:
"சவுக்குக்குக் கீழ ஒரு புல்லுக் காட்டுங்கோ மிஸ்.
ஆட்டைக் கொண்டுபோய்க் கட்டினா
அது என்னைத்தான் பாக்குது."
எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.
பிறகு அழித்தேன். முழுக்க அல்ல, அரைவாசி.
மாரியில் அவவின் அடுப்பு எரிவதும்
அந்தச் சருகில்தானே.

பனை, என்றது பின்வாங்கு.
பனை வேண்டாமென்று யாழ்ப்பாணத்தில் யார் சொல்வது?
ஆனால் பனை முதலில் கீழேதான் போகும்.
மேலே ஒற்றை ஓலையைக் காட்டிக்கொண்டு
வருடக்கணக்காய் நிலத்துக்குள் வேலை செய்யும்.
எங்கள் திட்டத்துக்கு ஆயுள் பதினெட்டு மாதம்.

புன்னையை இரண்டாம் வரிசைக்குத் தள்ளினேன்:
முன்னால் நின்றால் சோளகம் முகத்தைத் தீய்க்கும்.
தாழையில் பாம்பு என்றார் ஒருவர்,
வலை கிழியும் என்றார் பாம்புக்குப் பயமில்லாத மற்றவர்.
கண்டல் நடலாமே என்று கொழும்பிலிருந்து ஒரு கடிதம்.
கண்டலுக்குச் சேறு வேண்டும் ஐயா.
இங்கே இருப்பது அலையும்
அலை துப்பிய மணலும்.

சம்மாட்டி யூஜின் மட்டும் ஒரு மரத்தின் பேரும் சொல்லவில்லை.
"கரைவலைப் பாட்டுக்கு இருநூறு அடி விடுங்கோ.
மிச்சத்தில என்னத்தை எண்டாலும் நடுங்கோ."

கூட்டம் கலைந்ததும்
போன வருட வரிசைகளை எண்ணப் போனேன்.
நாற்பது தடி, நாற்பது இலக்கத் தகடு,
பதினொரு கன்று.
மற்ற இடங்களில் தகடுகள் மட்டும்
காற்றில் கிலுகிலுத்துக்கொண்டு.

பதினொன்றும் ஒரே பக்கம் நின்றன.
குனிந்து பார்த்தேன்.
கடற்பக்கமிருந்து யாரும் கூப்பிடாமல்
அடம்பன் ஏறி வந்திருந்தது.
கணுவுக்குக் கணு வேர் குத்தி,
ஊதாப் பூவை அலட்சியமாகத் திறந்து வைத்து,
அலைந்த மணலை
இரு என்று இருத்தியிருந்தது.
அதன் முதுகில் நின்றுதான்
என் சவுக்கும் ஒரு புன்னையும் இலை விட்டிருந்தன.
திரண்டால் மிடுக்கு என்று
பள்ளிக்கூடத்தில் ஒற்றுமைக்குக் கட்டுரை எழுதினோம்.
கொடியைப் பற்றி ஒரு வரி எழுதினோமா?

மர இனங்கள் என்ற தலைப்பின் கீழ்
முதலாவதாய் எழுதினேன், மரமல்லாத ஒன்றை:
அடம்பன்.
எண்ணிக்கை?
ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்,
அது இன்னொன்றின் கீழ் போனது,
அது இன்னொன்றின் கீழ்.
வெயில் ஏறிவிட்டது.
ஒன்று, என்று போட்டேன்.

பின்னேரம் கந்தோரிலிருந்து நிரூஜன்:
"மிஸ், பத்தாயிரத்துக்கு நாலு சைபர் விடுபட்டிட்டுது."
இல்லைத் தம்பி, விடுபடவில்லை.
மிச்சத்தைக் கார்த்திகை மழைக்குப் பிறகு எழுதுவம்.